தக்காளி இலைச்சுருட்டு வைரஸின் மரபணு வரிசையைப் படித்தால், அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமா?

எந்த வைரஸ் என்பது தெரியும். "போன மாசம் ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோட்டுக்கு வந்தது" என்ற அளவுக்குத் தெரியாது.

மாதிரிக்குச் சுருண்ட கொழுந்தைக் கிள்ளுங்கள், அடியிலை வேண்டாம். ஈரத்தோடு பாலித்தீன் கவரில் போட்டால் ஆய்வகம் போவதற்குள் அழுகி டிஎன்ஏ நொறுங்கிவிடும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடுங்கள். ஊர், தேதி, ரகம், நாற்று வாங்கிய இடம் நாலையும் உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். இலை வெண்கல நிறமாகி நுனி கருகினால் அது பெரும்பாலும் மொட்டுக்கருகல். இலைப்பேன் பரப்பும் ஆர்என்ஏ வைரஸ் அது, இங்கே சொல்லும் டிஎன்ஏ முறையில் சிக்காது.

100 மில்லிகிராம் இலையிலிருந்து சிடிஏபி (CTAB) என்ற வேதிப்பொருளைக் கொண்டு டிஎன்ஏ எடுக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸின் டிஎன்ஏ வட்டமானது, நீளம் சுமார் 2,700 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு). டிஎன்ஏவை நகலெடுக்கும் ஃபை-29 நொதியோடு 30 டிகிரியில் 18 மணி நேரம் வைத்தால் வட்டம் சுழன்று சுழன்று பெருகும். பிறகு டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் நறுக்கும் வெட்டு நொதி போட்டு, துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். துண்டுகளின் கூட்டுத்தொகை 2,700-ஐத் தாண்டினால், டிஎன்ஏ-பி என்ற இரண்டாம் துண்டோ இன்னொரு வைரஸோ கூடவே இருக்கலாம்.

பலர் சறுக்குவது பெயர் வைக்கும்போதுதான். செலவு மிச்சம் என்று வைரஸின் மேலுறையை உண்டாக்கும் உறைப்புரத மரபணுவில் 500 எழுத்தை மட்டும் படிக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் அதிகம் மாறாத பகுதியே அதுதான். போதாததற்கு, இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். தலை பெங்களூர் இலைச்சுருட்டு வைரஸ், வால் வேறொன்று என்று வரும். ஆகவே டிஎன்ஏ-ஏ என்ற முதல் துண்டு முழுவதையும் படிக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களோடு ஒற்றுமை 91 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது இனம். 94-ம் அதற்கு மேலும் என்றால் அதே திரிபு.

ஒப்பிடுமுன் எல்லா வரிசையையும் ஒரே இடத்தில் தொடங்குங்கள். டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்தைத் தேடி, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல், இல்லாத 'புது இனம்' கண்டுபிடித்தவர்கள் உண்டு.

சரி, பயணப் பாதை? இதன் உறவுக்கார வைரஸ் ஒன்றில் அளந்த வேகம், ஆண்டுக்குப் பத்தாயிரம் எழுத்துக்குச் சுமார் 3 மாற்றம். 2,700 எழுத்தில் ஆண்டுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஒரே பருவத்தில் இரண்டு தோட்டத்து வரிசையும் அச்சடித்ததுபோல் இருக்கும், யார் யாருக்குக் கொடுத்தது என்று பிரிக்க வழியில்லை. கண்டம் தாண்டிய பயணம் என்றால் தெரியும்: 2012-ல் ஸ்பெயினில் சுரைக்காய்க் குடும்பப் பயிரில் புதுடெல்லி தக்காளி வைரஸ் தென்பட்டது. அங்கே கிடைத்தவை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்ததால், பல தடவை நுழையவில்லை என்று கணிக்க முடிந்தது.

நம் ஊர்களுக்கிடையே வழியைக் காட்டுவது உறைமேல் எழுதிய அந்த நாலாவது விவரம், நாற்று வாங்கிய இடம். வெள்ளை ஈயைவிடக் குழித்தட்டு நாற்று வேகமாகப் பயணிக்கிறது. நடுவதற்கு முன்பே தட்டிலிருந்து கொழுந்து எடுத்து, நட்ட முப்பதாம் நாள் அதே வயலில் மறுபடி எடுங்கள். தட்டிலேயே வைரஸ் இருந்தால் நாற்றுப்பண்ணையில் ஏறியது. வயலில் மட்டும் என்றால் பக்கத்துப் பழைய தக்காளியையும் களைகளையும் சோதியுங்கள்.