ஒத்திகை பார்க்காத ராத்திரி நாடகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றுதான்: விடிய விடிய பாட்டும் வசனமுமாக ஓடும் இந்த நாடகத்துக்குத் திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? சரி, இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: பெங்களூரில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் இருக்கிறேன். ஒன்றரை மணி நேர இசை நாடகத்துக்கே மூன்று மாதம் ஒத்திகை பார்க்கிறோம், அப்படியும் முதல் நாள் சொதப்புகிறது. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது என்கிறீர்களே, நம்பும்படியாக இல்லையே?

பதில்: நம்பித்தான் ஆக வேண்டும். ஒத்திகை இல்லை, டைரக்டர் இல்லை, கம்பெனி என்று ஒன்றே இல்லை. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், திண்டுக்கல்லிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி மதுரையிலிருந்து, சிரிக்க வைக்கிற பபூன் புதுக்கோட்டைக்காரர், ஆர்மோனியக்காரர் முந்தின ராத்திரி வேறு ஏதோ ஊரில் வாசித்துவிட்டு பஸ்ஸிலேயே தூங்கி வந்து இறங்குவார். எல்லோரையும் அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பதுதான் வழக்கம். மேடையில் காதலனும் காதலியுமாக உருகப் போகிறவர்கள் சாயங்காலம் மேக்கப் போடும்போதுதான் ஒருவர் பெயரை ஒருவர் விசாரிப்பதும் உண்டு. பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடிந்துதான் முடியும்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், எல்லோருக்கும் பாடம் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி மாதிரியான நாடகங்கள்தான் இன்றைக்கும் இந்த மேடையின் முதுகெலும்பு. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, யார் எப்போது உள்ளே வர வேண்டும், எந்த இடத்தில் கதையை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசுவது அவரவர் சாமர்த்தியம். ஒருவர் இழுத்தால் மற்றவர் கூடப் போவார், ஒருவர் சுருக்கினால் மற்றவரும் சுருக்கிக்கொள்வார்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் கம்பெனிகளும் இருந்தன. 1918இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பெயரில் பையன்களை வைத்துக் கம்பெனி தொடங்கினார். பிற்காலத்தில் நாடக உலகில் பெரும் பெயரெடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்த இடம் அது. அங்கேயெல்லாம் ஒத்திகை என்றால் சாதாரண ஒத்திகை இல்லை, விடிகாலையில் எழுப்பிவிட்டால் பாட்டு, வசனம், மறுபடியும் பாட்டு என்று வாத்தியார் கம்போடு நிற்பார். அப்படிக் கம்பெனிகளில் தேறியவர்கள் பிற்காலத்தில் தனித்தனியாக ஸ்பெஷலுக்குப் போனபோது பாடத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். இன்றைக்கு நடிக்கிறவர்களில் பலர் நாடகக் குடும்பத்துப் பிள்ளைகள். தொட்டிலில் கிடந்தபோதே திரைக்குப் பின்னாலிருந்து தர்க்கப் பாட்டை, அதாவது மேடையில் இருவர் வாதாடிப் பாடுவதை, கேட்டு வளர்ந்தவர்கள். நீங்கள் ஒரு நாடகத்துக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்க்கிறீர்கள், அவர்கள் ராஜபார்ட் என்ற ஒரு வேஷத்துக்கு ஆயுள் முழுக்கப் பார்க்கிறார்கள். இன்று முருகன், நாளை அரிச்சந்திரன், மறுநாள் கோவலன், ஆள் அதே ஆள்தான். உங்கள் குழுவில் போன தடவை வில்லனாக வந்தவரை இந்தத் தடவை தாத்தாவாகப் போடுவீர்கள் இல்லையா, அந்த ஆடம்பரத்துக்குத்தான் ஒத்திகை தேவைப்படுகிறது!

கேள்வி: மேடையில் ஆர்மோனியக்காரர் எல்லோரையும் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. சில சமயம் நடிகரோடு சேர்ந்து அவரே பாடுகிறார். அவர் வேலை என்ன, நடிகர் வேலை என்ன? (தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: டைரக்டர் கிடையாது என்று மேலே சொன்னேன். உண்மையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இவர்தான், கையில் ஆர்மோனியப் பெட்டியோடு.

நாடகம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் பின்பக்கம் நின்று பாருங்கள். முகத்தில் பாதி பவுடரோடு ஒவ்வொருவராக வந்து "அண்ணே, எனக்கு அஞ்சு கட்டை", "எனக்கு அஞ்சரை, மயான காண்டத்துல மட்டும் அஞ்சு போதும்" என்று சுருதியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஸட்ஜமம், அதாவது பாட்டுக்கு ஆதாரமான 'ஸ' ஸ்வரம், எந்த இடத்தில் நிற்கிறது என்பதன் கணக்கு, வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும், கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். ஆளுக்கு ஆள் சுருதி மாறும், உள்ளே வருபவர் மாறும்போதெல்லாம் வாசிப்பவரின் விரல் போட வேண்டிய இடமும் மாறும். அரைக் கட்டை ஏற்றி இறக்கினால்கூட அதே ராகத்துக்கு முழுக்க வேறு கட்டைகளைத் தேட வேண்டும். அதை யோசிக்காமல் செய்கிறவர்தான் நல்ல பெட்டிக்காரர்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சீசன் உச்சத்தில், தொடர்ந்து ராத்திரி ராத்திரியாகப் பாடித் தொண்டை கட்டிப்போன ஒரு இளம் ராஜபார்ட். முதல் பாட்டிலேயே மேல் ஸ்தாயியில் குரல் பிசிறியது. ஆர்மோனியக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டை அரைக் கட்டை இறக்கி எடுத்தார், பையன் மேலே போக வேண்டிய இடம் வரும்போதெல்லாம் பின்பாட்டாகத் தன் குரலை அங்கே வைத்தார், பெட்டியை இன்னும் கொஞ்சம் சத்தமாக அமுக்கினார். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஓங்கிய ஒரு பாட்டு, அவ்வளவுதான். இடைவேளையில் பையன் வந்து காலைத் தொட்டான், "போய்ச் சுடுதண்ணி குடிடா" என்றார்.

பாட்டின் அடி மறந்து நிற்கிற நடிகருக்கு முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பது, ரொம்ப வளவளவென்று பேசிக்கொண்டிருப்பவரை அடுத்த பாட்டின் மெட்டை வாசித்து வாயடைப்பது, பபூனுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது, எல்லாம் இவர் பாடுதான். மிருதங்கக்காரரும், ஆல்ரவுண்ட் என்று சொல்கிற, டமடம, கிண்கிணி, இடி மின்னல் சத்தங்களுக்கெல்லாம் பொறுப்பான ஆளும் இவர் முகத்தைப் பார்த்தே வாசிப்பார்கள்.

மைக் வராத காலத்தில் இந்தக் கூட்டணி இன்னும் முக்கியம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயியைப் பற்றி இன்றும் பேசுகிறோம், 1933இல் இருபத்தேழு வயதில் போய்விட்ட மனிதர். அவருக்கு ஆர்மோனியம் வாசித்த காதர் பாட்சாவின் பெயரையும் அந்தத் தலைமுறை ரசிகர்கள் சேர்த்தேதான் சொன்னார்கள். நாம்தான் பாதியை மறந்துவிட்டோம்.

கேள்வி: அந்த ஓவியத் திரைகளெல்லாம் யாருடையது? ஊர்க்காரர்கள் வைத்திருப்பதா?

பதில்: இல்லை, சீன் செட்டிங் என்று வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தர்பார், தெரு, காடு, என்று சுருட்டி வைத்த திரைகளோடு வந்து, மூங்கில் கட்டி, கயிறு போட்டு மாட்டிவிட்டு, விடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போவார்கள். பம்பாய்ப் பக்கத்து பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்துபோன காலத்தில் நம்மவர்கள் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. காட்டுத் திரை கொஞ்சம் கிழிந்திருந்தால் வள்ளி தினைப்புனத்தை தர்பாரிலேயே காவல் காப்பாள், யாரும் ஆட்சேபித்ததில்லை.

கேள்வி: வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் நிஜச் சண்டையா, பேசி வைத்துக்கொண்டதா?

பதில்: இரண்டும்தான். கதைப்படி, தினைப்புனம் காக்கிற வள்ளியிடம் நாரதர் வந்து முருகனைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும், அவள் மறுக்க வேண்டும். அது பத்து நிமிடக் காரியம். மேடையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், ஏனென்றால் ஜனங்கள் காத்திருப்பதே அதற்குத்தான். நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போடுவார், வள்ளி பதிலைப் பாட்டாகவே சொல்லிவிட்டுத் திருப்பி ஒன்று கேட்பார், "பெண்புத்தி" என்று இவர் ஆரம்பித்தால் அவர் விடமாட்டார். என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. கெட்டிக்கார ஸ்திரீபார்ட் என்ற பெயர் இந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பதுதான், போவதும் இங்கேதான்.

கே.பி. சுந்தராம்பாள் இலங்கையில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோது, அவருக்கு ஈடுகொடுத்து இந்தப் பெண்ணால் பாட முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அப்புறம் அந்த ஜோடியைத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள்.

பேசி வைத்துக்கொள்ளாத ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: எதிராளியைப் பதிலே இல்லாத மூலையில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. புதிதாக வந்த பெண்ணை அப்படி நிறுத்திக் கைதட்டு வாங்கும் மூத்த நாரதர்களும் இருக்கிறார்கள், பொய் சொல்வானேன். அந்தக் கைதட்டு எனக்குப் பிடிப்பதில்லை. அப்போதெல்லாம் பெட்டிக்காரர்தான் பாட்டெடுத்து அந்தப் பெண்ணைக் கரையேற்றுவார்.

கேள்வி: மேக்கப் யார் போடுவது?

பதில்: அவரவரே. அந்தக் காலத்தில் அரிதாரம், முத்துவெள்ளை என்கிற மஞ்சள், வெள்ளைப் பொடிகளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, இப்போது பான்கேக். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் கிரீடம் முதல் ஊக்கு வரை, மூடியின் உட்புறம் ஒரு கண்ணாடி. ஊக்கு மட்டும் எப்போதும் பற்றாது, அடுத்தவரிடம் கடன்தான்.

கேள்வி: என் மகள் பாட்டு நன்றாகப் பாடுவாள். ஸ்திரீபார்ட் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (தேனி மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க வள்ளியம்மையாக வைத்துக் கொண்டாடுகிற ஊர், காலையில் அதே பெண் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றால் வேறு மாதிரிப் பார்க்கும். அதனாலேயே இந்தப் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்பதைத் தவிர்க்கிறார்கள், நாலைந்து பேர் சேர்ந்து வேன் பேசிக்கொள்கிறார்கள், கூட அம்மாவோ தம்பியோ வருகிறார்கள். மேடையில் எவ்வளவு வாயாடினாலும் இறங்கியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு தலை நிமிராமல் வண்டி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

வருமானம் பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும், டேட், அதாவது நாடகத்துக்கு ஒத்துக்கொண்ட தேதி, ஒன்றின்மேல் ஒன்றாக விழும், தூக்கம் இருக்காது. மழைக்காலத்தில் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆனால் தன் பாட்டால் தன் குடும்பத்தை நிமிர்த்திய பெண்களும் இந்தத் தொழிலில் நிறையப் பேர். மகள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், ஒரு சீசன் நீங்களே கூடப் போய் நாலு நாடகம் பாருங்கள், முன்னால் உட்கார்ந்து இல்லை, பின்பக்கமாக. மதுரையில் நாடக நடிகர் சங்கம் நூறு வருஷமாக இருக்கிறது, அங்கே விசாரித்தால் பாடம் சொல்லிக் கொடுக்கிற மூத்தவர்களைக் காட்டுவார்கள். வீட்டில் ஒப்புக்கொள்ளாதவர்களையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வருகிற சித்திரையில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வள்ளி திருமணம் வைக்கலாம் என்று இளவட்டங்கள் முடிவெடுத்திருக்கிறோம். எங்களுக்கு அனுபவம் இல்லை. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் டேட். மாசி பிறந்த பிறகு கேட்டால் நல்ல நடிகர் ஒருவரும் கிடைக்கமாட்டார், இப்போதே நடிகர்களைப் பேசி முடித்துத் தருகிற நாடக ஏஜென்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். யார் யார் என்று முடிவானதும் நோட்டீஸ் அடியுங்கள். யார் போட்டோ பெரிது, யார் பெயர் மேலே என்பதெல்லாம் உங்களுக்குச் சில்லறை விஷயம், அவர்களுக்கு அப்படி இல்லை, அதனால் அச்சகத்துக்காரர் சொல்கிற வரிசையிலேயே விட்டுவிடுவது நல்லது. போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிக்கு நாலு நாள் இருக்கும்போது போய் நிற்காதீர்கள், விடிய விடிய மைக் என்றால் அவர்களுக்கும் ஆயிரம் யோசனை இருக்கும்.

பன்னிரண்டு மணி வரைக்கும் கதை ஆரம்பிக்காது, பபூனும் டான்ஸும்தான், அதைக் கண்டு பதறி "முருகனை வரச் சொல்லு" என்று பின்னால் ஆளனுப்பக் கூடாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு வருகிற கூட்டம்தான் நாடகம் பார்க்கிற கூட்டம். காசு மாலை, அன்பளிப்பு அறிவிப்பு என்று பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடுங்கும் பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெட்டிக்காரருக்குச் சமமான, ஆடாத பலகை போடுங்கள், பெடலை மிதிக்கும்போது மேடை ஆடினால் அவர் விடிய விடிய உங்களைத் திட்டுவார். ஜெனரேட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் டீ.

எல்லாவற்றையும் விட, மேடைக்குப் பின்னால் பெண்களுக்கென்று நாலு பக்கமும் மறைத்த, உள்ளே லைட்டும் தண்ணீரும் இருக்கிற, இளவட்டங்கள் எட்டிப் பார்க்காத ஒரு இடம். பக்கத்திலேயே கழிப்பறை உள்ள ஒரு வீட்டைக் கேட்டு வாங்கி, சாவியை ஸ்திரீபார்ட் நடிக்கிற அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.