கத்தாமல் வேலை வாங்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். இந்த மாதம் என்னையே லைன் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். 24 பேர். நேற்றுவரை சேர்ந்து டீ குடித்தவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது? வீட்டிலும் அப்பா உடம்பு, பிள்ளைகள் என்று எல்லாம் என் தலையில்தான். நல்ல தலைமையை அன்றாடம் எப்படிப் பழகுவது?

பதில்:

முடியும். கம்பீரம், பேச்சுத்திறமை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லைனிலும் சரி, வீட்டிலும் சரி, பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில்தான். வேலையை அரைகுறையாக ஒப்படைப்பது ஒன்று. கெட்ட செய்தியோடு வருகிறவர்மேல் எரிந்து விழுவது இன்னொன்று.

முதல் வாரம் எந்தச் சட்டதிட்டத்தையும் மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் வீதம், ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். ஐந்து நாளில் 24 பேரும் முடிந்துவிடும். கேட்க வேண்டியது மூன்றுதான்: வேலைக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது, எந்த மிஷினில் கை நன்றாக ஓடும், வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டிய நேரம் ஏதாவது உண்டா. பதிலை நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து சில்லறை விஷயம் இரண்டை, டியூப்லைட் மாற்றுவது, ஊசி கேட்டதும் கிடைப்பது மாதிரி, அந்த வாரமே முடித்துக் கொடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருந்துவிடலாம்.

இந்தப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் லைனில் ஒருவராவது இருப்பார். அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். சமாதானம் சொல்ல வேண்டாம். புது ஆளுக்குப் பழக்கிக் கொடுப்பது, புது ஸ்டைல் வந்தால் முதல் பீஸை ஓட்டிக் காட்டுவது என்று அவர் கைத்திறமைக்கு மரியாதை வரும் பொறுப்பைக் கொடுங்கள். பழைய நண்பர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: லீவு வரிசைப்படிதான், அட்வான்ஸ் ஆபீஸ் மூலமாகத்தான். வரிசையை போர்டில் எழுதிப் போட்டுவிட்டால் தீபாவளிக்கு முந்தின வாரம் உங்கள் தலை தப்பும்.

காலையில் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசினால் போதும்: இன்றைக்கு எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், எந்த இடத்தில் கவனம், யார் வரவில்லை. 24 பேர் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு மணி நேர உழைப்பு. அதையே பதினைந்து நிமிடமாக இழுத்தால் ஆறு மணி நேரம். அறிவுரைக்கு அவ்வளவு விலை கொடுக்க முடியாது.

இனி ஒப்படைப்பது. "கழுத்து ரிப் அடிச்சிருங்க, சீக்கிரம்" என்றால் அது ஒப்படைப்பு ஆகாது. நான்கு விஷயம் போய்ச் சேர வேண்டும். முடிந்த பீஸ் எப்படி இருக்க வேண்டும் (வாயால் விளக்காமல் அப்ரூவல் சாம்பிளையே, அதாவது பையர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸையே, கையில் கொடுங்கள்). எத்தனை மணிக்குள். எதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். எது நடந்தால் மிஷினை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் நூல் கோன் மாற்றுவதற்குக்கூட உங்களைத் தேடுவார்கள், ஷேடு மாறி பண்டல் கலந்தபோது கூப்பிட மாட்டார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "சரிங்கண்ணா". "முதல் பீஸ்ல எதைப் பார்ப்பீங்க அக்கா?" என்று கேளுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு முதல் ஐந்து பீஸை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டே இருந்தால் நல்ல டெய்லருக்கும் கை தடுமாறும்.

டார்கெட் விழும்போது மொத்த லைனையும் பார்த்துக் கத்துவதில் பயனே இல்லை. ஒரு பீஸ் மூன்று வகை மிஷினைத் தாண்ட வேண்டும்; ஓவர்லாக்கில் மணிக்கு 80 பீஸ், சிங்கரில் 70, பிளாட்லாக்கில் 50 போகிறது என்றால் லைனிலிருந்து வெளியே வருவது 50தான். 80 போடுகிறவரை விரட்டினால் பிளாட்லாக் முன்னால் பண்டல் மலையாகக் குவியும், அவ்வளவுதான். எங்கே பண்டல் தேங்குகிறதோ அங்கே போய் நில்லுங்கள். கைமடி (டெய்லருக்கு உதவியாள்) ஒருவரை அங்கே மாற்றுங்கள். நீங்கள் டெய்லர்தானே, அரை மணி நேரம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாலும் தப்பில்லை. அதையே தினமும் செய்தால் மட்டும் ஆபத்து. அப்போது நீங்கள் 25வது டெய்லர், சூப்பர்வைசர் நாற்காலியில் யாரும் இல்லை.

மேலே இருப்பவர் "இன்னைக்கு 500 வேணும்" என்றால் "சரி சார்" என்று வந்துவிடாதீர்கள், "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். கணக்கோடு போங்கள். "மணிக்கு 50 சார், எட்டு மணி நேரத்துக்கு 400. பிளாட்லாக்குக்கு ஒரு ஆளும் மிஷினும் கொடுத்தா 500க்கு முயற்சி பண்ணலாம். இல்லேன்னா மீதி 100 நாளைக்குக் காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சு 11க்குள்ள தர்றேன்." ஓவர்டைம்தான் வழி என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்குச் சொன்னால் பஸ்ஸும் பிள்ளைகளும் என்ன ஆவது? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், உங்கள் தயவு கிடையாது.

அடுத்தது கெட்ட செய்தி. என்னைக் கேட்டால் சூப்பர்வைசர் தேறுவதும் தோற்பதும் இங்கேதான்.

மதியம் மூன்று மணி. ஒரு அக்கா எழுந்து வந்து, "தம்பி, தோள் தையல்ல ஓட்டை விழுகுதுங்க" என்கிறார். ஊசி முனை மழுங்கினாலோ லேசாக வளைந்தாலோ நிட் (பின்னல்) துணியின் இழையை விலக்கிப் போகாமல் வெட்டிவிடும். தைத்தவுடன் கண்ணுக்குத் தெரியாது. தையலைக் குறுக்கே இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், துவைத்தால் பெரிதாகும். இப்போது நீங்கள், "இவ்வளவு நேரம் கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கத்தினால் அடுத்த முறை அந்த அக்கா எழுந்து வர மாட்டார். ஓட்டை பீஸ் பண்டலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறவர் பையரின் இன்ஸ்பெக்டராக இருப்பார். 2000 பீஸ் லாட்டில், வழக்கமான ஏக்யூஎல் 2.5 (குறை எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) கணக்குப்படி அவர் எடுப்பது 125 பீஸ். மேஜர் டிஃபெக்ட் (பெரிய குறை) 7 வரை பாஸ், 8 ஆனால் லாட்டே ஃபெயில்.

அதனால் முதல் வார்த்தை, "சொன்னது நல்லதாப் போச்சுக்கா". இரண்டாவது, "எந்த பண்டல்ல பார்த்தீங்க?" மிஷினை நிறுத்தி ஊசியை மாற்றுங்கள், பால் பாயிண்ட் (முனை உருண்ட) ஊசிதானா, துணிக்கு ஏற்ற நம்பர்தானா என்று பாருங்கள். பிறகு அந்த பண்டலிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பண்டலாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். முழுசாக நல்ல பண்டல் வரும் இடத்தில் நிறுத்தலாம். நடுவில் உள்ளதைத் தனியாகக் கட்டிச் சீட்டு எழுதி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புங்கள். யார் தப்பு என்ற விசாரணை சாயங்காலம்தான், அதுவும் "ஊசி கடைசியா எப்ப மாத்தினது?" என்ற கேள்வியிலிருந்து.

ஜப்பானில் சாக்கிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்த யோசனைதான் பின்னால் டொயோட்டா கார் ஆலைக்குப் போனது, அங்கே கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் வழக்கம் வந்தது. உங்கள் லைனில் கயிறு தேவையில்லை. எழுந்து வந்து சொல்கிற அக்காதான் கயிறு.

கண்டிக்க வேண்டியது வரத்தான் செய்யும். அன்றே, தனியாக, பண்டல் நம்பரோடு சொல்லுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள், அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. பாராட்டிலும் கொஞ்சம் கவனம். ஒரே ஆளை எல்லோர் முன்னாலும் அடிக்கடி புகழ்ந்தால் "சூப்பர்வைசர் ஆள்" என்று முத்திரை குத்திவிடுவார்கள், கஷ்டப்படுவது அவர்தான். என்ன செய்தார் என்பதைக் குறிப்பாக, மிஷின் பக்கம் போய்ச் சொன்னால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே பேசித் தீர்க்கக் கூடாது. பாலியல் தொந்தரவு என்று ஒரு பெண் வந்தால் பஞ்சாயத்து வேண்டாம். 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதைச் சொல்லி, குழுவிடம் போக வழி செய்து கொடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். "எல்லாம் என் தலையில்" என்பது பெரும்பாலும் வேலையைக் கொடுத்து, கவனிப்பதை மட்டும் நீங்களே வைத்துக்கொள்வதால் வருவது. கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். "புக் பண்ணிடு" என்று நீங்கள் ஞாபகப்படுத்தினால் கவலை உங்களுடையதுதான். தீரப்போகிறது என்று கவனிப்பது, பதிவு செய்வது, வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்கிறதா பார்ப்பது, பணம் கொடுப்பது, நான்கும் ஒருவரிடம் போனால்தான் அது கை மாறியது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்கூல் பையும் தண்ணீர் பாட்டிலும் அப்படிக் கொடுக்கலாம். இரண்டு வாரம் எதையாவது மறக்கும். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தால் பொறுப்பு திரும்ப உங்களிடம் வந்துவிடும். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பதும் இந்த வகைதான்.

பெரியவர்களிடம் பட்டியல் நீட்ட முடியாது. "மாமா, கரண்ட் பில்லை நீங்க பார்த்துக்கிட்டா எனக்கு நிம்மதி" என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அப்பா விஷயத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் சண்டை வருவது பாசக் குறைவால் இல்லை, யார் எதற்கு என்று பேசாததால்தான். டாக்டரிடம் பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும். ஒரே ஃபைலில் முதல் தாளாக இவை இருக்க வேண்டும்: மாத்திரைப் பெயர், மில்லிகிராம், வேளை, ஒவ்வாத மருந்து, காப்பீட்டு எண். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எல்லோர் போனிலும் வையுங்கள், மாத்திரை மாறினால் தேதி போட்டுப் புதுத் தாள். செலவுக் கணக்கை மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பணம் மட்டும் அனுப்புகிறவருக்கும் ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கிறவருக்கும் அடுத்தவர் செய்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கேயும் கெட்ட செய்தி விதி அதேதான். அப்பா மாத்திரை போடாததைத் தானே சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் மாத்திரை ஜன்னல் வழியே போகும், உங்களுக்குத் தெரியாது.

உங்களுக்கு என்று ஒன்றே ஒன்று. "பார்க்கலாம்" என்ற சொல்லை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். நம் ஊரில் அதற்கு "இல்லை" என்று அர்த்தம், கேட்டவர் மட்டும் "ஆமாம்" என்று எடுத்துக்கொள்வார். அதற்குப் பதில் முடியும், முடியாது, வியாழக்கிழமை சொல்கிறேன், இந்த மூன்றில் ஒன்று. வியாழன் என்று சொன்னால் சட்டைப்பை நோட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கோடு போட்டு அடிக்காமல் நிற்கிற பெயர் எதுவோ, திங்கட்கிழமை காலையில் முதலில் போக வேண்டிய மிஷின் அவருடையது.