டிப்ளோமாவுக்கு 45,000 ரூபா கட்டலாமா?

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்யும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் 2009இல் காணாமற்போனவர். மீளக்குடியேறிய நாளிலிருந்து தனியாகவே விதைத்து வெட்டுகிறார். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஊருக்கு வந்த ஒருவர், ஆறு சனி ஞாயிறு வகுப்புக்கு வந்தால் ‘பண்ணை முகாமைத்துவ டிப்ளோமா’ கிடைக்கும், அதைக் காட்டினால் வங்கி கடன் தரும் என்று சொல்லி 45,000 ரூபா கேட்கிறாராம். பாதியை இந்தக் கிழமையே கட்ட வேண்டுமாம். “கட்டலாமா? எனக்குப் படிக்க வேறு வழி இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

கட்ட வேண்டாம் தங்கச்சி. வேறு வழி இருக்கிறது. ஆனால் முதலில் இந்த மனிதரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கிழமை அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்கும் போவார்.

‘அரச பதிவு பெற்றது’ என்று அவர் காட்டிய தாள் பெரும்பாலும் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவாகத்தான் இருக்கும். தேத்தண்ணீர்க் கடைக்கும் அதே பதிவுதான். தொழிற்பயிற்சி கொடுக்கும் நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கும் தனியாக அங்கீகாரம் வேண்டும். அதனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆணைக்குழுப் பதிவு இலக்கம் என்ன? இது என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம்? டிப்ளோமா என்பது 5ஆம், 6ஆம் மட்டம். ஆறு வார இறுதிகளில் அதை யாரும் கொடுக்க முடியாது. கடன் கதையும் பொய். வங்கி கேட்பது காணிப் பத்திரத்தையும் பிணையாளியையும்தான்.

இன்னொன்று. ‘வரவுப் பதிவுக்கு’ என்று அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுக்காதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்தும் வைக்காதீர்கள். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில், பயிற்சிக்கென்று கொடுத்த பிரதி ஒரு தாயைத் தெரியாத ஒருவரின் கடனுக்குப் பிணையாளியாக்கியதைப் பார்த்திருக்கிறேன். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பாரம் எங்கள் ஊர்களில் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் படிப்புக்கு வருவோம். வகுப்பில் இருக்காமலே, செய்து பழகிய வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை ஒன்று உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல், சுருக்கமாக ஆர்.பி.எல். என்பார்கள். மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விவசாயத்தில் எந்தெந்தத் தொழிலுக்கு இப்போது சோதனை நடக்கிறது என்பதை அங்கேயே கேளுங்கள். மதிப்பீட்டாளர் உங்கள் வேலையைப் பார்ப்பார். விதைநெல் முளைக்குமா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டால், நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணிக் காட்டுவீர்கள்தானே? அதுதான் பரீட்சை. வவுனியா விவசாயக் கல்லூரி டிப்ளோமா உயர்தரம் படித்த பிள்ளைகளுக்கானது. அதை மகளுக்கு யோசியுங்கள்.

குறும்பயிற்சிகள் விவசாயத் திணைக்களத்தில் இலவசம். கிளிநொச்சி வட்டக்கச்சியில் மாவட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. உங்களுக்கு முல்லைத்தீவுப் பக்கம் எங்கே நடக்கிறது என்பதை உங்கள் போதனாசிரியர் சொல்வார். அவசர சந்தேகத்துக்கு 1920ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

பிறகு ஏன் உங்களுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை? கமநல சேவை நிலையப் பட்டியலில் இன்னும் கணவரின் பெயர்தான் இருக்கும். கடிதம் அவர் பெயருக்குப் போகும், அல்லது கமக்காரர் அமைப்பின் செயலாளர் தனக்குத் தெரிந்த நாலு ஆண்களுக்குச் சொல்வார். இத்தனை வருடமாக வயலில் நிற்பது யாரென்று பார்த்து ஒரு பெயரை மாற்ற இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பயிற்சியையும் காலை ஒன்பது மணிக்கு, பட்டணத்தில் வைப்பார்கள். மாடு கறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எந்தப் பஸ்சில் போய்ச் சேருவது? இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

உங்கள் நிலையில் இருப்பவர்களை ஒரு இடத்தில் மடக்குவார்கள். “பேர்மிற் (காணி அனுமதிப்பத்திரம்) அவர் பெயரில் இருக்கிறது, மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்” என்பார்கள். பேர்மிற்றை மாற்றுவது வேறு, கமம் செய்பவர் யார் என்று பதிவது வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவதை. “இந்தக் காணியில் பயிர் செய்வது நான், என்னைப் பதியுங்கள்” என்று எழுத்தில் கொடுங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணையுங்கள். கணவரை இறந்தவர் என்று எழுத மனம் ஒப்பவில்லை என்றால் எழுத வேண்டாம். மரணப் பதிவுச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனோருக்கென்று தனிச் சான்றிதழ் எடுக்கலாம். பேர்மிற் வேலையைத் தொடங்கும்போது அதோடு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். “பேசிப் பார்க்கிறேன்” என்று காசு கேட்டு வாசலில் நிற்பவர்களிடம் போகாதீர்கள்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். கூடவே ஒரு கொப்பி வாங்கி, விதைத்த நாள், போட்ட பசளை, வெட்டிய மூட்டை எல்லாவற்றையும் இந்தக் காலபோகத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள். பசளைப் பற்றுச்சீட்டுகளையும் அதிலேயே ஒட்டுங்கள். மதிப்பீட்டாளர் வரும்போது முதலில் கையில் கொடுக்க வேண்டியது அந்தக் கொப்பிதான்.