அம்மா பெயரில் ஓர் அறக்கட்டளை: கேள்விகளும் பதில்களும்

(இறந்த உறவினரின் நினைவு நாள், அன்னதானம், உதவித்தொகை, அறக்கட்டளை பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் பதில் அளிக்கிறார்.)

திருச்சி வாசகி: ஐயா, அம்மா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அண்ணன், நான், தங்கை மூவரும் இரண்டு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். அவர் பெயரில் அறக்கட்டளையைப் பதிவு செய்ய என்னென்ன வேண்டும்?

பதிவு செய்யாதீர்கள் அம்மா. ஏழு சதவீத வட்டி கிடைத்தாலும் ஆண்டுக்குப் பதினான்காயிரம்தான் வரும். அறக்கட்டளை என்றால் பத்திரம், தனி பான் எண், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு, பிறகு அதைப் புதுப்பிப்பது, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் என்று வேலை நீளும். அந்தப் பதினான்காயிரத்தில் பெரும்பகுதி என்னைப் போன்றவர்களுக்குக் கட்டணமாகவே போய்விடும்.

அம்மா படித்த பள்ளியோ கல்லூரியோ இருந்தால் அங்கே வைப்புநிதியாகக் கொடுங்கள். பல்கலைக்கழகங்களில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பலவும் இப்படி யாரோ தம் பெற்றோர் பெயரில் வைத்த வைப்புநிதியில் நடப்பவைதான். ஆனால் பணம் இளைத்துக்கொண்டே போகும். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் உங்கள் இரண்டு லட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி ஏற்படுத்திய தங்கப் பதக்கங்களின் இன்றைய வட்டியில் பதக்கத்தை வைக்கும் பெட்டிகூட வாங்க முடியாது.

சோழர் காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். கோயிலில் அணையாத ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஒரு மேய்ப்பர் அவற்றை வாங்கிக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானவை போகும், குட்டிகள் சேரும், எண்ணிக்கை மட்டும் குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாத, மூப்படையாத ஆடு) என்று கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். நீங்களும் வட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்க்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பயனாளியைத் தேர்ந்தெடுப்பவர் யார், நிறுவனம் மூடப்பட்டால் பணம் எங்கே போகும், உங்கள் குடும்பத்தில் ஆண்டுக்கொரு முறை கடிதம் போட்டு விசாரிப்பவர் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மேய்ப்பர் இல்லாத ஆடு தங்காது.

கோவை: முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி பிரிவு விலக்கு உண்டா?

நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் இருந்தால் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. அரிசி மூட்டையாக இறக்கினாலும் இல்லை. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

மதுரை வாசகர்: அப்பாவின் திதி ஆடி அமாவாசையன்று வருகிறது. ஆதரவற்றோர் இல்லத்தில் வடை பாயசத்துடன் விருந்து போடலாமா?

தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஒரே இல்லத்துக்கு நான்கைந்து வீட்டு விருந்துகள் வந்து சேரும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர் மூன்றாவது பாயசத்தை என்ன செய்வார்? திதியை வீட்டில் செய்யுங்கள். இல்லத்தின் பொறுப்பாளரிடம் எந்த மாதம் கையிருப்பு வற்றுகிறது என்று கேட்டு, அந்த மாதத்து மளிகைக்கோ சமையல் எரிவாயுவுக்கோ இரவுப் பணியாளர் சம்பளத்துக்கோ கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

டல்லாஸ்: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். ஊர்ப் பள்ளியை நடத்தும் சங்கத்துக்குத் தாத்தா நினைவாகப் பணம் அனுப்பலாமா?

கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது நீங்கள் அல்ல, ஊரில் இருக்கும் செயலாளர்.

சேலம்: அப்பா நினைவு நாளில் இருபது மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். மேடை, பேனர், படம் எல்லாம் உண்டு. மைத்துனர் கூடாது என்கிறார். பார்ப்பவர்களுக்கும் கொடுக்கும் எண்ணம் வராதா?

மைத்துனர் சொல்வது சரி.

ஈரோடு: நான் அப்படி மேடையில் நின்று வாங்கியவள். செய்தித்தாளில் வந்த படத்தை வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். கொடுத்தவர் பெயர் மறந்துவிட்டது, அந்த நாள் மறக்கவில்லை.

சேலம்: பெயர் போடுவது குற்றமா? ஐயா சொன்ன சோழர்கள் கல்லிலேயே பெயரை வெட்டவில்லையா?

வெட்டினார்கள். அந்தக் கல்வெட்டுகளை ஒருமுறை படியுங்கள் தம்பி. கொடுத்தவர் பெயர் இருக்கும், சிலவற்றில் யார் நினைவாக என்பதும் இருக்கும், ஆடுகளை ஏற்ற மேய்ப்பர் பெயரும் நெய்யின் அளவும் இருக்கும். அந்த வெளிச்சத்தில் யார் நின்று கும்பிட்டார்கள் என்று எழுதியதில்லை. சோழ அரசி செம்பியன் மாதேவி கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுப்பியபோது, லிங்கத்தை வழிபடும் கோலத்தில் அவரைக் கல்லில் வடித்தார். இறந்தவரின் உருவம் இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும். வாங்குகிற குழந்தையின் முகம் எதற்கு? நோட்டுகளைத் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள், உள்ளட்டையில் அப்பா பெயரை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

சேலம்: அப்படியானால் உறவினர்கள் எதற்கு வருவார்கள்?

அப்பாவைப் பற்றிப் பேச வரட்டும். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்த பெற்றோர் ஆண்டுதோறும் அதே நாளில் கூடிப் படங்களுக்கு மலர் வைக்கிறார்கள். யாரும் எதுவும் விநியோகிப்பதற்காக அங்கே வருவதில்லை.

டொராண்டோ: யாழ்ப்பாணத்தில் அம்மம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குக் ‘கல்வெட்டு’ எனும் நினைவு மலரை அச்சிட வேண்டும் என்கிறார் மாமா. இக்காலத்தில் யார் படிக்கிறார்கள்? அந்தக் காசை ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கலாமே?

இரண்டையும் செய்யுங்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தேவாரத்தோடு முடித்துவிடாதீர்கள். வம்சாவளி, அம்மம்மா பிறந்த வளவு, இடம்பெயர்ந்து போன ஊர்கள், பிள்ளைகள் எந்தெந்த நாடுகளுக்குச் சிதறினார்கள் என்பதையெல்லாம் மாமாவைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டில் அதை அறிந்த கடைசி ஆள் அவராக இருக்கலாம். ஐம்பது பிரதிகள் போதும். ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், நினைவு மலர்களை மின்வடிவில் சேர்த்துவைக்கிறார்கள். மிச்சக் காசு பள்ளிக்கு. அங்கேயும் அதிபரிடம் (தலைமையாசிரியரிடம்) எழுத்தில் வாங்குங்கள்.

தஞ்சை: திதியை ராமேஸ்வரத்தில் கொடுப்பதா, கயாவிலா?

புரோகிதரைக் கேளுங்கள்.

வேலூர்: 80ஜி விலக்கு கிடைக்குமா ஐயா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: வாட்ஸ்அப்பில் வந்த இல்லத்துக்கு ரொக்கமாக ஐயாயிரம் கொடுத்துவிட்டேன். 80ஜி…

ரசீது தந்தார்களா? தந்தாலும் விலக்கு இல்லை. தரவில்லை என்றால் அடுத்த முறை நேரில் போய்ச் சமையலறையைப் பார்த்துவிட்டுக் காசோலையாகக் கொடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. அதையும் என்னிடம் கேட்க வேண்டாம், உங்கள் தணிக்கையாளருக்கு வேலை கொடுங்கள்.