ஓடிடியில் இரண்டு நாள், நமக்கு ஏன் ஏழு மாதம்?

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் என் தம்பி தோட்டத்தில் மயங்கிக் கிடந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனான். விசேரா ரிப்போர்ட் (உள்ளுறுப்புகளில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வறிக்கை) வரவில்லை என்று இன்சூரன்ஸ் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடிடி குற்ற ஆவணப்படங்களில் என்ன விஷம், யார் கொடுத்தது என்பதுவரை இரண்டே நாளில் சொல்லிவிடுகிறார்கள். 40 ஆயிரம் கொடுத்தால் தனியார் லேபில் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மணி. பிரேதப் பரிசோதனையில் எடுத்த இரைப்பை, ஈரல், சிறுநீரகத் துண்டுகள் பெரும்பாலும் உப்புக் கரைசலில் போட்டு சீல் வைக்கப்பட்டு, போலீஸ் மூலம் அரசு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். கோவையிலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது. அந்தப் பாட்டில் தரகர் கைக்கு வராது. அப்புறம் அவர் எதைச் சோதிப்பார்? மார்ச்சுவரி வாசலில் துக்க வீட்டாரைத் தேடி நிற்கும் இந்த ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். கடைசியில் கையில் வருவது கலர் பிரின்ட் போட்ட ஒரு தாள். அதை இன்சூரன்ஸில் நீட்டினால் போலி ஆவணம் என்று வழக்கு உங்கள் தலையில் விழும்.

ஆவணப்படங்கள் பச்சைப் பொய் சொல்வதில்லை. காத்திருந்த மாதங்களை வெட்டிவிடுகின்றன, சந்தேகத்தையும் சேர்த்து வெட்டிவிடுகின்றன. நுண்ணோக்கியில் முடியை ஒப்பிட்டுத் தன் நிபுணர்கள் கோர்ட்டில் சொன்ன சாட்சியங்களை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மறுபடி பார்த்தபோது, பார்த்தவற்றில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்ததாக 2015இல் ஒப்புக்கொண்டது. திரையில் அந்த முடிதான் கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கும்! லேப் சொல்வது இன்ன மருந்து இருந்தது, இல்லை என்பது மட்டும்தான். யார் கலந்தது என்று ஈரல் சொல்லாது.

உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 'விஷம் கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வரலாம். அதனால் விஷமே இல்லை என்று ஆகிவிடாது. மூன்று நாள் சிகிச்சையில் வயிற்றைக் கழுவியிருப்பார்கள், சலைன் ஏற்றியிருப்பார்கள். பூச்சி மருந்து உடைந்தும் சிறுநீரில் வெளியேறியும் போயிருக்கலாம். எனவே முதல் நாள் கழுவிய நீரையும் அன்றைய ரத்தத்தையும் எடுத்து வைத்தார்களா, போலீஸிடம் ஒப்படைத்தார்களா என்பதுதான் முக்கியம். அதற்கு ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரி வேறு என்றால் அங்கேயும் கேளுங்கள்.

தாமதம் எப்போதும் லேபில்தான் என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷன் அலமாரியில் வாரக்கணக்கில் தூங்கிய பாட்டில்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால் 'பந்தோபஸ்து டூட்டிங்க' என்பார்கள். என்றைக்கு அனுப்பினீர்கள், லேப் கொடுத்த எண் என்ன என்று நேரில் கேளுங்கள். மழுப்பினால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் வேலை முடியாது. அதைப் பார்த்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் இறுதிக் கருத்து எழுத வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். அதற்கும் நாலைந்து நடை நடக்க வைப்பார்கள்.