தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வயலினுக்கு என்ன வேலை?

கேள்வி: ஒரு வானாய்வகத்தில் மாலையில் சிலரே சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய சேம்பர் இசைக் கச்சேரி, இருட்டியதும் நட்சத்திரம் பார்ப்பது என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்கள். விஞ்ஞானக் கூடத்தைக் கேளிக்கைக் கூடமாக்குவது தகுமா? மேகம் வந்துவிட்டால் காசும் வீண்தானே?

பதில்: கேளிக்கை என்று எதைச் சொல்கிறீர்கள்? 1781 மார்ச் 13 இரவு யுரேனஸைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் இசை கற்றுக்கொடுத்தும் பிழைத்தவர். 24 சிம்பொனிகள் எழுதியவர். தொலைநோக்கிக்கு வேண்டிய ஆடியை அவரே கையால் தேய்த்து மெருகேற்றினார். தங்கை கரோலின், இசையமைப்பாளர் ஹெண்டலின் ஓரட்டோரியோக்களில் (பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த பெரிய இசைப் படைப்புகளில்) தனிக்குரல் பாடியவர். பின்னாளில் எட்டு வால்மீன்களைக் கண்டதும் அவர்தான். ஹெர்ஷலின் 40 அடித் தொலைநோக்கியைப் பார்க்க 1792இல் இசைமேதை ஹைடனே போயிருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் கலிலியோவின் தந்தை வின்சென்சோ. லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். தந்தியில் எடையைத் தொங்கவிட்டு, ஒலி ஒரு ஸ்தாயி உயர எடை இரு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று சோதித்துச் சொன்னவர். எதையும் அளந்து பார்த்துவிட்டுப் பேசும் பழக்கத்தை மகன் வீட்டிலேயே கற்றிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கி இருக்கும் குவிமாடத்துக்குள்ளேயே சேம்பர் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று வானியலாளர் எட்வின் ஹப்பிள் நிறுவ உதவிய தொலைநோக்கி அது. அந்த இடத்தின் மதிப்பு இசையால் குறைந்துவிடவில்லை. சேம்பர் இசையின் வழக்கமான ஒரு வடிவத்தில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான்; முன்னால் நின்று கைகாட்டும் நடத்துநர் கிடையாது. நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிக்க வேண்டும். பெரிய அரங்குக்கென்று பிறக்காத இசை, கொஞ்சம் பேர் நெருங்கி உட்கார்ந்து கேட்பதற்கானது.

ஆகவே சேர்த்து வைத்ததில் பிழையில்லை. சேர்க்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். மக்கள் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருக்கும்போது பின்னணியில் வயலினை ஓடவிடுவது இரண்டுக்குமே அவமரியாதை. வாசிப்பவருக்கு இசைத்தாளைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். வானம் பார்ப்பவருக்கு இருட்டு வேண்டும். கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பக்கத்தில் ஒருவர் செல்போனைத் திறந்தால் அத்தனையும் போச்சு. ஹெர்ஷல் இதை நன்றாக அறிந்தவர். தொலைநோக்கியை விட்டு நகராமல் கண்டதைக் குரல் கொடுத்துச் சொல்வார். விளக்கருகே இருந்து கரோலின் எழுதிக்கொள்வார்.

முதலில் கச்சேரி. அது முழுதாக முடியட்டும். பிறகு குவிமாடத்தைத் திறந்து வைத்து அரை மணி நேரம் சும்மா விடவேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். நூறு பேர் கேட்டு முடித்த கூடத்தின் சூடான காற்று திறப்பு வழியாக மேலேறும்போது நட்சத்திரம் நடுங்கும், சனியின் வளையம் கலங்கும். கூடம் குளிர்கிற நேரத்திலேயே கண்ணும் பழகிவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு நிலாவைக் காட்டலாம், அதற்கு இருள் பழகிய கண் தேவையில்லை. ஆண்ட்ரோமீடாவைப் பிறகு காட்டுங்கள். மங்கலானதை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே ஓரக்கண்ணால் பார்க்கும்படியும் சொல்லிக்கொடுங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. இதைச் சொல்லாததால்தான் பலர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று இறங்கிவிடுகிறார்கள்.

டிக்கெட் எண்ணிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தொலைநோக்கி, நூறு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கடைசி ஆள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டும். வெளியே சிறு தொலைநோக்கிகள் நாலைந்து வைக்காமல் அத்தனை டிக்கெட் விற்பவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

மேகத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. அதனால்தான் கச்சேரியை ஒப்புக்கு வைக்கக்கூடாது என்கிறேன்: வானம் மூடிக்கொண்ட இரவில் வந்தவர்களுக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். அதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப மனமில்லையென்றால் இந்த டிக்கெட்டை வாங்காதீர்கள். கச்சேரி இல்லாமல் வானம் மட்டும் காட்டும் இரவுகளும் வானாய்வகங்களில் உண்டு, அங்கே போங்கள்.