வாடகைக் கார்: இறங்கிய கையோடு எடுக்காதீர்கள்

கேள்வி: குடும்பத்தோடு முதன்முறையாக வெளிநாட்டுச் சுற்றுலா நகரம் ஒன்றுக்குப் போகிறோம். விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து நானே ஓட்ட நினைக்கிறேன். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நான் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஆனால் இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த தூக்கக் கண்ணோடு வேண்டாம். அன்றைக்கு டாக்ஸியில் அறைக்குப் போய்த் தூங்குங்கள். நகரத்தை நடந்தும் ரயிலிலும் பாருங்கள். ஊரை விட்டு வெளியே கிளம்பும் நாளில் காரை எடுங்கள். அதுவரைக்கான வாடகையும் பார்க்கிங் அலைச்சலும் மிச்சம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவையா என்று முன்பே பாருங்கள். சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தருவது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தருவது மூன்று ஆண்டு வரை செல்லும். போகிற நாடு எதை ஏற்கிறது என்பதுதான் முக்கியம். அந்த அனுமதி தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். முன்பணத்துக்கான கிரெடிட் கார்டு பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பார்கள். மனைவியும் ஓட்டுவார் என்றால் ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேருங்கள்.

சாவி கைக்கு வந்ததும் காரைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். நான்கு சக்கர ரிம், பம்பரின் அடிவிளிம்பு, முன்கண்ணாடி எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். ஒருமுறை ரிம்மில் ஏற்கெனவே இருந்த விரல்நீளக் கீறலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். படம் இருந்ததால் தப்பினேன். டயரும் கண்ணாடியும் அடிப்படைக் காப்பீட்டில் பல நேரம் சேராது.

இனி ஓட்டுவது. சாலையின் நடுக்கோடு எப்போதும் ஓட்டுகிற உங்கள் ஜன்னல் பக்கத் தோளை ஒட்டி இருக்கட்டும். இருக்கை மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. வலப்புறம் உட்கார்ந்து பழகிய உடம்பு இப்போது இடப்புறம் இருப்பதால், கார் தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு ஒதுங்கும். டயர் நடைபாதைக் கல்லில் உரசுவது இப்படித்தான். நெரிசலில் முன்னால் போகிறவர் வழிகாட்டுவார். ஆபத்து ஆளில்லாத சாலையில்தான்: விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது கை தானாகப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று சொல்லட்டும். சங்கடப்பட வேண்டாம், உயிர் விஷயம் இது.

ரோம், ஃபுளோரன்ஸ் போன்ற நகரங்களில் பழைய பகுதிக்குள் அனுமதி பெறாத கார்கள் நுழையத் தடை உண்டு. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும். அபராதம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்து சேரும், விவரம் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனிக் கட்டணமும் பிடிக்கும். ஆகவே அறை அந்த எல்லைக்குள் இருக்கிறதா, காருக்கு அனுமதி வாங்கித் தருவார்களா என்று ஹோட்டலில் முன்பே கேட்டுவிடுங்கள்.

எரிபொருள் போடும்போது மூடியின் உள்பக்கம் பெட்ரோலா டீசலா என்று படியுங்கள். தவறிப் போட்டுவிட்டால் இன்ஜினை இயக்காமல் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.